எதனாலயாம்?

எனக்கு இடது கன்னம் வலிக்குது. நேத்து இன்னிக்கு இல்ல, சில வருஷமா. இத யார்கிட்ட சொன்னாலும் அடுத்து வர்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "எதனாலயாம்?" மாம்பலத்துல ஒரு கல்யாணப் பந்தில நான் எல்லாத்தையும் வலது பக்கமாவே ஒதுக்கி மெல்லுறத பாத்துட்டு பெரியம்மா கேட்டாங்க. கிண்டி ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல கேட்டாங்க. ஸ்கேன் சென்டர்ல ஃபார்ம் எழுதுற பொண்ணுகூட கேட்டுச்சு. "தெரியலையாம்"னு சொன்னா அத ஒரு பதிலா யாருமே எடுத்துக்க மாட்டாங்க, அவங்களே ஒரு காரணத்த எடுத்து நீட்டுவாங்க. அம்மாவுக்கு இது கண்ணு பட்டது. மொளகா உப்பு சுத்தி அடுப்புல போட்டுட்டு "கமறலே இல்ல பாரு, அவ்ளோ திருஷ்டி"ம்பாங்க. பெரியம்மாவுக்கு இது வாயு. ஆபீஸ்ல பக்கத்து சீட்காரருக்கு ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கிறது. தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட தூங்குனது, ராத்திரி ரொம்ப நேரம் ஃபோன் பாக்குறது, எல்லாம் வரிசையா வந்து போயாச்சு.

யாரையும் குத்தம் சொல்லல, பாசத்துலதான் கேக்குறாங்க. ஆனா ரொம்ப நாளா மனசுல ஒண்ணு ஓடிட்டே இருக்கு, எழுதாம விட்டா அடங்காது போல. இந்த "எதனால"ங்குற கேள்விதான் எனக்கு வலியவிட ஜாஸ்தி செலவு வச்சுது. காசு மட்டும் சொல்லல, பல்லையும் சேத்துத்தான் சொல்றேன்.

வலி எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி எல்லாமே அதுலதான் நிக்குது. சுளீர்னு தெறிக்கிற வலி இல்ல. குடைச்சல். மூக்குக்குப் பக்கத்துல, கன்ன எலும்புக்கு அடியில, ஆழத்துல எங்கயோ உக்காந்து குடையும். காலைல எந்திரிக்கிறப்ப பெருசா தெரியாது, சமையல் முடிச்சு பஸ்ஸ புடிச்சு ஆபீஸ் போய் உக்காந்ததுக்கு அப்புறம் மெதுவா ஏறும், சாயங்காலம் வரைக்கும் போகாது. சில நாள் மேல்தாடையில இருக்கும், சில நாள் கண்ணுக்குக் கீழ. "ஒரு விரல் வச்சு எடத்த காட்டுங்க"ன்னா என்னால முடியாது, முழு உள்ளங்கையையும்தான் வைக்கணும். வீக்கம் இல்ல, செவப்பு இல்ல, காய்ச்சல் இல்ல. வெளிய பாக்குறவங்களுக்கு நல்லா சிரிச்சுட்டு இருக்கிற ஒரு பொம்பள, அவ்ளோதான்.

பல்லுல ஆரம்பிச்ச தேடல்

மேல் கடைவாய்ப் பல்லு ஒண்ணுல பழைய ஃபில்லிங் இருந்துச்சு. கன்னம் வலிக்குது, உள்ள ஒரு பழைய ஃபில்லிங் இருக்கு, அப்ப அதுதானே? எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், பல் டாக்டருக்கும் தோணுச்சு. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்த மாதிரிதான் ஞாபகம். அப்புறம் பக்கத்துப் பல்லு. அதுக்கும் ரூட் கெனால். நடுவுல ஒரு ஈஎன்டி டாக்டர் சைனஸா இருக்கலாம்னு ஆன்டிபயாடிக் கொடுத்தாரு, ஆவி புடிக்க சொன்னாரு, நொச்சி இலை போட்டு புடிச்சேன், மூக்கு நல்லா தொறந்துச்சு, வலி அங்கயேதான் இருந்துச்சு. கடைசில வேற ஒரு கிளினிக்ல அந்த மொதப் பல்லையே எடுத்தாங்க. பல்லு போச்சு. ஆறி முடிஞ்சு ஈறு மூடுனதுக்கு அப்புறம், இல்லாத அந்தப் பல்லு இருந்த எடத்துல அதே குடைச்சல்.

ஏன் இப்படி ஆகுதுன்னு அப்புறம்தான் படிச்சேன். முகத்தோட உணர்வ மூளைக்குக் கொண்டு போறது, மூளையிலேர்ந்து கெளம்புற அஞ்சாவது நரம்பு, ட்ரைஜெமினல் நரம்பு. பக்கத்துக்கு ஒண்ணா வர்ற அது மூணு கிளையா பிரியுது, நெத்திக்கு ஒண்ணு, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒண்ணு, கீழ்த்தாடைக்கு ஒண்ணு. நடுக் கிளை ஒண்ணுதான் மேல் பல்லு, ஈறு, கன்னத் தோல், கன்னத்துக்குள்ள இருக்கிற சைனஸ் அறை, மூக்கோட பக்கம்னு இத்தனையையும் பாத்துக்குது. அதுமட்டும் இல்ல, முகத்துலேர்ந்து வர்ற வலி நரம்பும் கழுத்தோட மேல்பகுதிலேர்ந்து வர்ற நரம்பும் மூளைத்தண்டுக்கு அடியில ஒரே எடத்துல வந்து சேருது. அதனால கழுத்துல தசை இறுகினா முகத்துல வலி தெரியும், தாடை மூட்டுல பிரச்சனைன்னா காதுல வலி தெரியும், சைனஸ்ல சளி கட்டுனா மேல் பல்லெல்லாம் வலிக்கும். ஆக, "பல்லு வலிக்குது"ன்னு நமக்குத் தோணுறது உண்மை, பல்லுலதான் பிரச்சனைங்கிறது தனி விஷயம். ஒரு பல்ல எடுத்த பின்னாடியும் வலி போகாம அடுத்த பல்லு, அதுக்கடுத்த பல்லுன்னு வரிசையா இழந்தவங்க உலகம் முழுக்க இருக்காங்க. ஒவ்வொரு தடவ கத்தி வைக்கிறதும் அங்க இருக்கிற சின்னச் சின்ன நரம்புக்கு இன்னொரு காயம், அதுவே வலிய கூட்டவும் செய்யலாம்.

ஊசி போட்ட அந்த சாயங்காலம்

அடையார் பக்கம் ஒரு சின்ன கிளினிக். டாக்டருக்கு என்னைவிட வயசு கம்மி. நான் போய் உக்காந்ததும் கதையெல்லாம் சொல்லல, எனக்கே கதை சொல்லி அலுத்துப் போச்சு. "டாக்டர், இந்தப் பல்லையும் எடுத்துருங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசாம ஒவ்வொரு பல்லா கண்ணாடிக் கைப்புடியால தட்டிப் பாத்தாங்க, பஞ்சுல ஜில்லுன்னு எதையோ ஸ்ப்ரே பண்ணி வச்சு "தெரியுதா, எவ்ளோ நேரம் கூசுது"ன்னு கேட்டாங்க, சின்ன எக்ஸ்ரே ஒண்ணு எடுத்தாங்க, நான் கொண்டு போன பழைய ஓபிஜிய, அதான் ரெண்டு தாடையும் முழுசா தெரியுற பெரிய எக்ஸ்ரே, வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "எடுக்குறதுக்கு முன்னாடி மரத்துப்போற ஊசி மட்டும் போட்டுப் பாக்கலாமா? எடுக்கல, சும்மா பாக்கலாம்"னு சொன்னாங்க.

ஊசி போட்டு கொஞ்ச நேரம் வெளிய உக்கார வச்சாங்க. திரும்பக் கூப்பிட்டு ஈறுல குத்திப் பாத்தாங்க, தெரியல. கன்னத்த கிள்ளச் சொன்னாங்க, கிள்ளுனேன், தெரியல. மேலுதடு தொங்குற மாதிரி இருந்துச்சு, வாய் கோணி கோணி பேசுறேன். "நல்லா மரத்துடுச்சு. இப்ப அந்த வலி எங்க இருக்கு?" நான் கண்ண மூடித் தேடிப் பாத்தேன். போயிருக்கும்னுதான் நெனச்சேன், போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இருந்துச்சு. தோலும் ஈறும் பல்லும் எதுவுமே என்கூட இல்ல, குடைச்சல் மட்டும் அதே எடத்துல அதே அளவுல உக்காந்திருந்துச்சு. "இருக்கு டாக்டர்"னு சொன்னப்ப எனக்கு ஏன் அழுகை வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியல. அவங்க கிளவுஸ கழட்டிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்தாங்க. "இந்தப் பல்லுதான் காரணம்னா இப்ப வலி அடங்கியிருக்கணும்மா. இது நூத்துக்கு நூறு டெஸ்ட் கெடையாது. ஆனா பாக்க நல்லா இருக்கிற பல்ல புடுங்க எனக்கு இதுக்கு மேல காரணம் வேணும், அது இல்ல. நான் எடுக்க மாட்டேன்." ஒரு பல்லு எடுக்கிற ஃபீஸ வேண்டாம்னுட்டு ஒரு நியூரோ டாக்டருக்கு ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க. கையெழுத்து புரியுற மாதிரி இருந்துச்சு, அதுவே ஒரு ஆச்சரியம்.

வேளச்சேரி வர்ற வரைக்கும் பஸ்ல அத யோசிச்சுட்டே வந்தேன். கன்னத்துலேர்ந்து மேல போற வழியையே அடைச்சாச்சு, ஆனாலும் வலி இருக்குன்னா, வலி எங்கேர்ந்து வருது?

பேரு கெடைச்சுது, காரணம் கெடைக்கல

நியூரோ டாக்டர் கேட்ட கேள்வியெல்லாம் வலியோட குணத்தப் பத்தித்தான். கரண்ட் ஷாக் மாதிரி வருதா? பல்லு வெளக்குறப்ப, மூஞ்சி கழுவுறப்ப, காத்து பட்டா சுளீர்னு வருதா? சில செகண்டுல போயிடுதா? எல்லாத்துக்கும் இல்லன்னேன். ஆமான்னு சொல்லியிருந்தா அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது அந்த அஞ்சாவது நரம்போட வலி, பக்கம் போயிருக்கும். அதுல நிறைய பேருக்கு மூளைத்தண்டுக்குப் பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் நரம்ப அழுத்திட்டு இருக்கும், கார்பமசெபின் மாத்திரைக்கு நல்லா கேக்கும், கேக்கலன்னா ஆபரேஷனும் இருக்கு. என்னோடது அது இல்ல. பஞ்சாலயும் குண்டூசியாலயும் முகம் முழுக்க தொட்டுப் பாத்தாரு, கண்ணு, நாக்கு, தாடை மூட்டு எல்லாம் பாத்தாரு, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாரு. கட்டி இல்ல, நரம்பு மேல இருக்கிற உறை கெடல, ரத்தக்குழாய் அழுத்தல. நார்மல். அந்த வார்த்தைய பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும் அதுவரைக்கும்.

"உங்களுக்கு இருக்கிறது பெர்சிஸ்டன்ட் இடியோபதிக் ஃபேஷியல் பெயின்"னாரு, அதாவது விடாம இருக்கிற, காரணம் தெரியாத முக வலி. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 1924லயே ஃப்ரேசியர், ரஸ்ஸல்னு ரெண்டு பேரு முக வலிக்காரங்கள பாத்துட்டு, இதுல சில பேரோட வலி நியூரால்ஜியாவுல சேரலையேன்னு தனியா பிரிச்சு ஒரு பேரு வச்சிருக்காங்க, அப்ப அதுக்குப் பேரு அடிப்பிக்கல் ஃபேஷியல் பெயின், வழக்கமான மாதிரி இல்லாத முக வலி. இப்ப இருக்கிற பேருக்கு சர்வதேச தலைவலி சங்கத்தோட 2018 பட்டியல்ல தெளிவா அளவுகோல் இருக்கு. தெனமும் வரணும், ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல இருக்கணும், 3 மாசத்துக்கு மேல நீடிக்கணும். எடம் சரியா காட்ட முடியாததா, எந்த ஒரு நரம்போட எல்லைக்குள்ளயும் அடங்காததா இருக்கணும். மந்தமான, நச்சரிக்கிற வலியா இருக்கணும். நரம்பு பரிசோதனை நார்மலா இருக்கணும், பல்லு காரணம் இல்லன்னு பாத்து முடிச்சிருக்கணும். படிக்கப் படிக்க யாரோ என் டைரிய பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. நடுவயசுக்காரங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி வருதாம். அதாவது "காரணம் தெரியல"ங்கிறது டாக்டர் கைய விரிக்கிறது இல்ல. மத்த எல்லாத்தையும் ஒழுங்கா பாத்து ஒதுக்கிட்டு வந்து நிக்கிற எடம் அது, அதுக்கு வைத்தியமும் இருக்கு.

எங்க அப்பார்ட்மென்ட்ல மொட்டமாடி டேங்க்குக்கு ஒரு அலாரம் உண்டு, தண்ணி நிரம்புனா கத்தும். ஒரு தடவ டேங்க் நிரம்பவே இல்ல, மோட்டார் ஆஃப்லதான் இருக்கு, ஆனாலும் அது ராத்திரியெல்லாம் கத்துச்சு, சென்சார்ல ஏதோ ஆயிடுச்சு. எல்லாரும் மாடிக்கு ஓடி ஓடிப் போய் டேங்க் மூடிய தொறந்து பாத்தாங்க. நான் பல்ல பாத்ததும் அதேதான். சத்தம் நெஜம், கோளாறு வேற எடத்துல. வலிய கடத்துற நரம்பு செல்லுங்க ஒரு தடவ நல்லா தூண்டப்பட்டா அதுக்கப்புறம் சின்ன விஷயத்துக்குக்கூட பெருசா கத்த ஆரம்பிக்கும்னு 1983லயே க்ளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளோட தண்டுவடத்துல காட்டியிருக்காரு. திசுவும் நல்லா இருக்கு, நரம்பும் அறுபடல, ஆனா வலிய கையாளுற அமைப்பே மாறிப்போச்சுங்கிற வகைக்கு 2017ல சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் நோசிப்ளாஸ்டிக்னு தனிப் பேரே கொடுத்துச்சு. என் முக வலி முழுசா அந்த வகையா, இல்ல கண்ணுக்குத் தெரியாத நரம்புக் காயம் கொஞ்சம் இருக்கான்னு நிபுணர்களுக்குள்ளயே இன்னும் பேச்சு ஓடுது. எனக்கு அதுல அவசரம் இல்ல.

மாத்திரை சீட்டும் மானப் பிரச்சனையும்

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி ஒண்ணு. என் வீட்டுக்காரர் ஃபோன்ல தட்டிப் பாத்துட்டு மெதுவா கேட்டாரு, "இது டிப்ரஷன் மாத்திரைன்னு போட்டிருக்கே?" எனக்கு சுருக்குன்னுச்சு. அப்ப கடைசில டாக்டரும் "எல்லாம் மனசுதான்"னு சொல்லிட்டாரா? இந்த எடத்துலதான் நிறைய பேரு மாத்திரைய குப்பையில போடுறாங்க, எனக்குத் தெரிஞ்சே போட்டவங்க உண்டு. அடுத்த தடவ டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு இதவிடப் பல மடங்கு, 75, 100, 150ன்னு போகும்னாரு. இங்க அது செய்யுற வேலை வேற. மூளையிலேர்ந்து கீழ எறங்கி வந்து வலி சிக்னல அமுக்குற நரம்புப் பாதை நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்கு, அது செரட்டோனின், நார்அட்ரினலின்னு ரெண்டு ரசாயனத்த வச்சு வேலை பாக்குது, இந்த மாத்திரை அது ரெண்டையும் சீக்கிரம் தீந்துபோகாம வச்சுக்கும். சர்க்கரை நோய்க்காரங்களோட கால் எரிச்சலுக்கும் இதே மாத்திரையத்தான் தர்றாங்க, அவங்கள யாரும் மனசுன்னு சொல்றதில்ல.

ஒரே ராத்திரில ஒண்ணும் நடக்கல. மொத வாரம் காலைல தலைய தூக்க முடியல, ஃபில்டர்ல டிகாஷன் எறங்குற வரைக்கும் நின்னுட்டே தூங்குனேன். படுக்கப் போறப்ப போடாம எட்டு மணிக்கே போட்டா காலைல தேவலைன்னு டாக்டர் சொன்னாரு, சரியாச்சு. வாய் காஞ்சுபோகும், மலச்சிக்கல் வரும், வெயிட் கொஞ்சம் ஏறும். வாய் காஞ்சா பல்லு சொத்தையாகும், என்ன வேடிக்கை பாருங்க, அதனால தண்ணி பாட்டில் கையிலயே இருக்கும். கண்ணழுத்தம், இதயத் துடிப்புல கோளாறு, ப்ராஸ்டேட் பிரச்சனை இருக்கிறவங்க கட்டாயம் முன்னாடியே சொல்லணும், இன்னொருத்தர் சீட்டப் பாத்து வாங்கிப் போடுற மாத்திரை இது இல்ல. சில வாரம் கழிச்சு அளவ கொஞ்சம் கூட்டுனாரு. ஒத்துக்கலன்னா டுலாக்ஸெடின், கேபாபென்டின், ப்ரீகாபாலின்னு வேற வழியும் இருக்குன்னாரு. இதுக்குன்னு பெரிய ஆராய்ச்சிங்க ரொம்ப நடக்கல, அதனால ஒருத்தருக்குக் கேக்குறது இன்னொருத்தருக்குக் கேக்காம போகலாம்னு அவரே வாய்விட்டு சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நான் தெனம் முழுங்கிட்டு இருந்த பாரசெட்டமால நிறுத்தச் சொன்னாரு, இந்த வலிக்கு அது உதவல, தெனம் போட்டா அதுவே தலைவலிய உண்டாக்கலாம்.

கூடவே ஒரு ஃபிசியோதெரபிஸ்ட். நான் நாள் முழுக்க பல்ல கடிச்சுட்டே எக்ஸெல் ஷீட்ட பாக்குறேன்னு அவங்க சொல்லித்தான் தெரியும். உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ் பல்லும் தொடக் கூடாது, 'ன'ன்னு சொல்றப்ப நாக்கு நுனி எங்க போய் நிக்குமோ அங்கயே வச்சுக்கணும். உக்காந்து செஞ்சு பாருங்க, தாடை தானா எறங்கும். அப்புறம் சைக்காலஜிஸ்ட்டும். அதுக்குப் போறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாளாச்சு, போனா "பாத்தியா, மனசுதான்"னு எல்லாருக்கும் நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னு ஒரு வீம்பு. வருஷக்கணக்கா வலிச்சா மனசு சோர்ந்துதான் போகும், சோர்ந்த மனசு வலிய இன்னும் சத்தமா கேக்கும், ரெண்டு பக்கமும் ஓடுற வண்டி அது. அங்க யாரும் வலி பொய்யின்னு சொல்லல. வலி ஏறுற நேரத்துல நான் என்ன பண்றேன், என்ன பயப்படுறேன்னுதான் பேசுனோம். தூக்கம் சரியானதுதான் பெரிய வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

இப்ப வலி போயிடுச்சான்னா, போகல. பத்துக்கு ஏழா இருந்தது மூணு, நல்ல நாள்ல ரெண்டு. இடது பக்கமும் மெல்லுறேன், முறுக்கு மட்டும் இன்னும் வேணாம்னு வச்சிருக்கேன். பெரியம்மாவுக்கு இது ஒரு வைத்தியமாவே படல. "காரணத்த கண்டுபுடிக்காம மாத்திரை மட்டும் கொடுக்குறானே"ங்குறாங்க. அவங்களுக்கு சக்கரை, பிபி ரெண்டுக்கும் தெனம் மாத்திரை ஓடுது, பிபி எதனால வந்துச்சுன்னு அவங்க டாக்டருக்கும் தெரியாது, நிறைய பேருக்கு பிபிக்கு தனியா ஒரு காரணம் காட்டவே முடியாது. அத சொன்னா "அது வேற"ம்பாங்க.

ஒண்ணு சொல்லணும். தேடாதீங்கன்னு நான் சொல்லல, ஒரு தடவ ஒழுங்கா தேடிட்டு நிறுத்துங்கன்னு சொல்றேன். முகத்துல ஒரு பக்கம் மரத்துப்போகுது, பார்வை ரெண்டா தெரியுது, ஒரு காது மந்தமாகுது, கட்டி வளருது, எடை கொறையுதுன்னா இந்தக் கட்டுரைய மூடிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. 50 வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டுல வலி, மெல்லுறப்ப தாடை அசந்துபோகுது, கண்ணு மங்குதுன்னா அது ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், அன்னிக்கே பாக்கலன்னா பார்வை போகலாம். படி ஏறுறப்ப தாடை வலிச்சு, உக்காந்தா நிக்குதுன்னா பாக்க வேண்டியது பல்ல இல்ல, நெஞ்ச.

மத்தபடி மாசக்கணக்கா குடைச்சல், எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, ஒரு பல்லு போயும் வலி போகலன்னா, அடுத்த பல்லுக்கு முன்னாடி ஓரல் மெடிசின்னு ஒரு பிரிவு இருக்கு, அங்க காட்டுங்க. பல் மருத்துவத்துலயே இந்த மாதிரி வலிய பாக்கப் படிச்சவங்க அவங்க, நம்ம சென்னை கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிலயும் இருக்காங்க. போறப்ப பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் தேதி வரிசையா அடுக்கி எடுத்துட்டுப் போங்க. எப்ப வலிக்குது, எவ்ளோ நேரம், என்ன பண்ணா ஏறுது, என்ன பண்ணா எறங்குதுன்னு ஒரு ரெண்டு வாரத்துக்கு நோட்டுல எழுதி வச்சுக்குங்க. முடிஞ்சா கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. நான் என் வீட்டுக்காரர கூட்டிட்டுப் போன அன்னிக்குத்தான் அவரு மாத்திரைய கூகுள் பண்றத விட்டாரு.